பிள்ளையின் பணம்

பிள்ளைகளுக்குப் பணத்தின் அருமையைக் கற்பிக்க இக்காலத்தில் ஒரு புதிய கருவி வந்திருக்கிறது. பிரீபெய்டு கார்டு என்பது அதன் பெயர். தந்தையோ தாயோ அதில் பணம் போட வேண்டும். போட்ட அளவுக்கு மேல் பிள்ளை செலவழிக்க முடியாது. கடனும் வாங்க முடியாது. 18 வயது நிரம்பாதவர்களை எண்ணியே ஃபேம்பே என்னும் நிறுவனம் 2019இல் பெங்களூரில் தொடங்கப்பட்டது. இத்தகைய கார்டுகள் சிலவற்றில் இன்னொரு வசதியும் உண்டு. பிள்ளை எங்கே எவ்வளவு செலவு செய்தான் என்பதைப் பெற்றோர் தம் கைப்பேசியில் உடனே பார்த்துக்கொள்ளலாம்.

முதல் வசதி நல்லது. இரண்டாவதைப் பற்றித்தான் எனக்கு ஐயம்.

வள்ளூர் அனல்மின் நிலையத்தில் ஒப்பந்தத் தொழிலாளியாக இரவு ஷிப்ட் பார்க்கும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். 15 வயது மகனுக்குக் கார்டில் மாதம் 500 ரூபாய் போடுகிறார். மீஞ்சூர்க் கடைத்தெருவில் மகன் ஒருநாள் புரோட்டா தின்கிறான். செய்தி தந்தைக்கு வந்துவிடுகிறது. “ஏன்டா, வீட்டில் சோறு இல்லையா?” என்கிறார். உழைத்துக் களைத்தவர் அப்படிக் கேட்பதில் வியப்பில்லை. ஆனால் மறுமுறை மகன் என்ன செய்வான்? நண்பனுக்குக் கார்டில் நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுத்துவிட்டு, அவனிடம் ரொக்கமாகப் பெற்றுக்கொள்வான். கணக்கில் நோட்டுப் புத்தகம் இருக்கும். வயிற்றில் புரோட்டா இருக்கும். சிக்கனத்தைக் கற்க வேண்டியவன் மறைக்கக் கற்றுக்கொண்டான்.

“கண்காணிக்காமல் விட்டால் கெட்டுப்போக மாட்டார்களா?” என்று கேட்கலாம். வீண் கேள்வி அன்று. இணையச் சூதாட்டத்தில் குடும்பங்கள் அழிந்ததைக் கண்டுதான் தமிழ்நாடு அரசு 2023இல் அதைத் தடுக்கச் சட்டம் கொண்டுவந்தது. ஆனால், அந்த ஆபத்துக்குக் கார்டின் எல்லையே பெரிய காப்பு. 500 ரூபாய் போனால் 500 ரூபாயோடு போயிற்று. மாதத்தின் கடைசிப் பத்து நாளும் வெறுங்கையோடு திரிந்த பையனுக்கு எந்த அறிவுரையும் வேண்டா. அந்தப் பத்து நாளை நாம் அவனுக்குக் கொடுக்க அஞ்சுகிறோம். பாவம் என்று மறுபடியும் பணம் போடுகிறோம். பிறகு கணக்குக் கேட்கிறோம்.

சட்டம் நம்மைவிடத் துணிவாக இருக்கிறது. 10 வயது நிரம்பிய சிறுவர்கள் தாமே சேமிப்புக் கணக்குத் தொடங்கி நடத்த வங்கிகள் அனுமதிக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் மீண்டும் தெளிவாக்கியது. தொகைக்கு எல்லை வைப்பது வங்கியின் பொறுப்பு.

வடசென்னையிலேயே இன்னொரு சான்று உண்டு. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் முன்பு ஏழைப் பெண்களின் திருமணத்துக்கு உதவித் தொகையும் தாலிக்குத் தங்கமும் தந்தார்கள். 2022இல் அதே திட்டத்தை உயர்கல்விக்கு மாற்றினார்கள். அவ்வாண்டு செப்டம்பர் 5 அன்று பாரதி மகளிர் கல்லூரியில் அது புதுமைப் பெண் என்ற பெயரோடு தொடங்கியது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துக் கல்லூரி சேர்ந்த பெண்ணின் வங்கிக் கணக்கிலேயே மாதம் 1000 ரூபாய். தாலிக்கென்று வந்த தங்கம் எத்தனை வீடுகளில் அந்தப் பெண்ணின் விருப்பத்தைக் கேட்டுச் செலவாகியிருக்கும்? இந்த ஆயிரத்தை அவள் ரயில் பாஸுக்குக் கொடுக்கலாம், தாயிடம் கொடுக்கலாம், வளையல் வாங்கலாம். வளையல் வாங்கினால் என்ன? அடுத்த மாதம் புத்தகத்துக்கு இல்லாதபோது அவளே எண்ணிப் பார்ப்பாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தந்தைக்கு மகன் தின்ற புரோட்டாவின் விலை தெரிகிறது. மகனுக்குத் தந்தையின் சம்பளம் தெரியுமா? பி.எஃப். பிடித்தம் எவ்வளவு, அக்காள் திருமணத்துக்கு வாங்கிய கடனுக்கு வட்டி எவ்வளவு, அம்மா கட்டும் சீட்டு எவ்வளவு, இவை எவையும் அவனுக்குத் தெரியா. ‘படிக்கிற பிள்ளைக்கு எதற்கு?’ என்று மறைத்துவிடுகிறோம். நம் கணக்கை மூடி வைத்துக்கொண்டு அவன் கணக்கை மட்டும் திறந்து பார்ப்பது எந்த வகையில் நியாயம்?

சம்பளம் வந்த அன்று இரவு, சாப்பாட்டுக்குப் பிறகு, அந்தச் சீட்டை மகன் முன்னே வைக்கட்டும். ஒவ்வொரு வரியாக அவனே படிக்கட்டும். கூட்டிப் பார்க்கட்டும். கூட்டல் முடிந்ததும் தந்தையைப் பார்த்து அவன் ஏதாவது கேட்பான். அதற்கு மறைக்காமல் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.