இசைவும் அறிவும்

ஒருவன் 'ஆம்' என்று கூறியமையால் மட்டுமே அவன் இசைந்துவிட்டான் எனக் கொள்ளலாமா? அறவியலில் பழைமை வாய்ந்த இவ்வினா இணையத்தளங்களின் வாயிலிலே இன்று நாடோறும் எழுகின்றது.

1994ஆம் ஆண்டில் நெற்ஸ்கேப் நிறுவனத்தைச் சேர்ந்த லூ மொன்ருல்லி என்பார் 'குக்கி' எனப்படும் சிறு குறிப்பினை ஆக்கினார். வந்தவரை உடனே மறந்துவிடும் இயல்புடைய தளத்துக்கு நினைவாற்றலை அளிப்பதே அதன் நோக்கமாயிருந்தது. ஆயின், பல தளங்களிலும் இடம்பெறும் விளம்பர நிறுவனமொன்று தன் குறிப்பினை வாசகரின் கணினியில் வைக்குமாயின், அவர் எங்கெங்குச் சென்றார், எதனை நாடினார் என்பனவெல்லாம் ஓரிடத்தில் தொகுக்கப்படும். நினைவு வேவாக மாறுவது இவ்வாறே.

ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் திருத்திய பணிப்புரையின் வாயிலாக வாசகரின் முன்னிசைவினை வேண்டி நின்றது. அதன்பின் அறிவித்தல்கள் பெருகின. ஏற்றல் ஓர் அழுத்தத்தில் முடிய, மறுத்தலோ பல படிகளுக்கப்பால் வைக்கப்பட்டது. முன்கூட்டியே அடையாளமிடப்பட்ட கட்டம் இசைவாகாது என ஒன்றியத்தின் நீதிமன்றம் 2019 ஒக்டோபரில் தீர்ப்பளித்தது. ஏற்பதைப் போன்று மறுப்பதை எளிதாக்காமைக்காகப் பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணைக்குழு 2021 டிசம்பரில் கூகிள் மீது 15 கோடி யூரோ தண்டம் விதித்தது.

வாசியாது இசைந்தமை வாசகரின் குற்றமேயன்றோ என வினவுவாருளர். இவ்வாதம் முற்றிலும் வலுவற்றதன்று. தன் செயலுக்குத் தானே பொறுப்பு என்பது சுதந்திரத்தின் மறுபக்கமாகும். எனினும், அறிவித்தல் யாவற்றையும் வாசிக்கப் புகுபவருக்கு, வந்த காரியத்தை வாசிக்கப் பொழுதிராது. நிறைவேற்ற இயலாத கடமையொன்றைச் சுமத்திவிட்டு, அதனை நிறைவேற்றாமையைக் குற்றமெனல் நீதியாகாது. அன்றியும், ஒருவரின் தரவு அவரையொத்த பிறரையும் எடைபோடப் பயன்படுகின்றது. பிறருக்காக இசையும் உரிமையை அவருக்கு வழங்கியவர் யார்?

அவ்வாறாயின் இசைவினை அறவே நீக்கி, யாவற்றையும் அரசே தீர்மானிக்கலாமா? அது குடிமக்களைக் குழந்தைகளாக்கிவிடும். சத்திரசிகிச்சைக்கு முன் நோயாளியின் இசைவு கேட்கப்படுகின்றது; சந்தையில் நஞ்சு கலந்த உணவை விற்பதற்கு எவரும் இசைவு கேட்பதில்லை. முன்னையது அவரவர் தெரிவுக்குரியது. பின்னையது சட்டத்தால் விலக்கப்பட்டது. வேவு இவற்றுள் எவ்வகையைச் சாரும் என்பதே தீர்க்கவேண்டிய வினாவாகும்.

இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இசைவினை ஓர் அடிப்படையாக ஏற்றுள்ளது. எனவே இவ்வினா இந்நாட்டுக்கும் உரியதே. மறுப்பவர் எதனையும் இழவாத இடத்திலேயே இசைவு பொருளுடையதாகும்; ஏனைய இடங்களில் அது பணிதலின் மறுபெயரேயாம்.