எஞ்சின் மாறினால் வண்டி மாறுமா?

பழைய மோட்டார் வண்டியொன்றின் எஞ்சினைக் கழற்றுவது பொறுமை வேண்டும் பணி. பேட்டரியின் இணைப்பைத் துண்டித்து, ரேடியேட்டர் நீரையும் எண்ணெயையும் வடித்துவிடுவர். பானெட்டை எடுத்தபின் பெட்ரோல் குழாய், புகைக்குழாய், மின்கம்பிகள் ஆகியவற்றை ஒவ்வொன்றாக விடுவிப்பர். இறுதியில் சங்கிலிக் கப்பியால் எஞ்சினை மேலே தூக்குவர். அவ்விடத்தில் வேறோர் எஞ்சினை இறக்கிப் பொருத்தியதும் வண்டி மீண்டும் ஓடுகிறது. ஓடுவது அதே வண்டிதானா?

இவ்வினா பழமையானது. தேசேயு என்னும் வீரனின் கப்பலில் இற்றுப்போன பலகைகளை ஏதென்ஸ் மக்கள் ஒவ்வொன்றாக மாற்றி வந்தனர் என்றும், அது அதே கப்பலா என்று அறிஞர்கள் வாதிட்டனர் என்றும் புளூட்டார்க் எழுதுகிறார். நம் காலத்தில் இதே வழக்கு லண்டன் உயர்நீதிமன்றத்தின் படியேறியது.

‘ஓல்டு நம்பர் ஒன்’ எனப்பட்ட பென்ட்லி பந்தய வண்டி, பிரான்சு நாட்டு லெ மான் நகரின் 24 மணிநேரப் பந்தயத்தில் 1929, 1930 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் வென்றது. அப்போது அதில் இருந்தது ஆறரை லிட்டர் எஞ்சின். 1932 இல் அதை நீக்கி, எட்டு லிட்டர் எஞ்சினைப் பொருத்தினர். அவ்வாண்டு செப்டம்பரில், இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் பந்தயத்தில் அவ்வண்டி சரிவின் விளிம்பைக் கடந்து விழ, அதை ஓட்டிய கிளைவ் டன்ஃபீ உயிரிழந்தார். வண்டியை மீண்டும் கட்டினர். பல்லாண்டுகள் கழித்து அது ஏறத்தாழ 1 கோடி பவுண்டுக்கு விலை பேசப்பட்டது. “இது லெ மானில் வென்ற வண்டியே அன்று” என்று வாங்கவிருந்தவர்கள் பின்வாங்கினர்.

1990 இல் நீதிபதி ஆட்டன் தீர்ப்பளித்தார். 1929 ஆம் ஆண்டின் உறுப்புகளுள் மிகச் சிலவே எஞ்சியிருந்தன. எனவே, அதைப் பழுதறாத மூல வண்டி என்று சொல்ல இயலாது என்றார். ஆயினும் அதன் வரலாறு எவ்விடத்திலும் அறுபடவில்லை. அப்பெயருக்கு உரிமை கொண்டாட வேறு வண்டியும் இல்லை. ஆகவே அதுவே ‘ஓல்டு நம்பர் ஒன்’ என்று முடிவு செய்தார்.

இத்தீர்ப்பு நம் சிந்தனைக்கு உரியது. ஒரு பொருளின் தன்மையை அதன் உறுப்புகளில் மட்டும் தேடினால் அது கைநழுவிப் போகிறது. அறுபடாத வரலாற்றில் தேடினால் அகப்படுகிறது. ஆனால் வரலாற்றை ஏற்பவர் முழுவதையும் ஏற்க வேண்டும். இரண்டு வெற்றிகளும் இவ்வண்டிக்கு உரியவை என்றால், டன்ஃபீயின் சாவும் இதற்கே உரியது. வெற்றியை நம் கணக்கிலும், சாவைப் புதிய எஞ்சினின் கணக்கிலும் எழுத முடியாது.

மனிதராகிய நாமோ இப்படி எழுதத் துணிகிறோம். பாட்டனார் வெட்டிய குளத்தைச் சொல்லிப் பெருமை கொள்கிறோம். அவர் வளைத்துப்போட்ட ஏழையின் நிலத்தைப் பற்றிக் கேட்டால், “அது அந்தக் காலம்” என்கிறோம். இளமையில் வாங்கிய பட்டத்தை முதுமையிலும் பெயருக்குப் பின்னால் எழுதுகிறோம். இளமையில் கொடுத்த வாக்கை நினைவூட்டினால், “அன்றிருந்த ஆள் நானல்ல” என்கிறோம்.

உள்ளம் மாறுவது உண்மை; மாறவும் வேண்டும். மனம் திருந்தியவரைப் பழைய குற்றத்தாலேயே அளப்பது அநீதி. ஆனால் திருந்தியவர், பழைய கடனைத் தம் கடன் என்று ஒப்புக்கொள்பவர். கடனை மறுப்பவர் திருந்தவில்லை; பெயரை மட்டும் மாற்றிக்கொண்டார்.

நம் நாட்டில் வண்டியின் பதிவுச் சான்றில் சட்டக எண், எஞ்சின் எண் இரண்டும் இடம்பெறுகின்றன. எஞ்சினை மாற்றினால் அதைப் பதிவு செய்தாக வேண்டும். பதிவு செய்வதால் வண்டி வேறு வண்டி ஆகிவிடுவதில்லை. மறைத்து விற்பவரே ஏமாற்றுகிறார். மாறியதை மறையாமல் சொல்வோம். மாறுமுன் செய்ததையும் நம்முடையது என்றே ஏற்போம். இவ்விரண்டும் கூடும்போதுதான் ஒருவரை நம்பி மற்றொருவர் வாழ முடியும்.