அபயமும் உறையுளும்

தானங்களுள் தலையாயது எது என்னும் வினா நம் இல்லங்களில் பழையது. ஆகாரம், ஔஷதம், சாத்திரம், அபயம் என்னும் நான்கினையும் விரல்விட்டுச் சொல்ல நம் சிறுவரும் அறிவர். உயிரைத் தாங்குவது உணவாதலின் ஆகாரதானமே முதன்மையானது என்பார் சிலர். அறியாமை இருளை நீக்குவது நூலாதலின் சாத்திரதானமே என்பார் வேறு சிலர். அபயதானமே என்று முடிப்பவர் பலர். அம்முடிபை ஏற்பது எளிது. ஆயினும் அபயம் என்பது யாது என்று கேட்டால், ஒதுங்க ஓர் இடம் கொடுத்தல் என்றே பெரும்பாலோர் விடை கூறுவர். இடம் கொடுத்தலும் அபயம் கொடுத்தலும் ஒன்றுதானா என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராய விழைவது.

சமந்தபத்திராசாரியார் தம் இரத்தினகரண்டகத்தில், இல்லறத்தார் முனிவர்க்குச் செய்யும் பணிவிடையை உணவு, மருந்து, உபகரணம், உறையுள் என நான்காக வகுத்தார். ஆதிபுராணம் அருளிய ஜினசேனாசாரியாரோ, துறவியர்க்கு ஈதலோடு நில்லாமல் தயாதத்தி என்றொரு வகையையும் கூறினார். இரங்கத்தக்க உயிர்களுக்கு மனம், மொழி, மெய்த் தூய்மையோடு அபயம் அளிப்பதே அது. ஒருவர் உறையுள் என்ற இடத்தில் மற்றவர் அபயம் என்றது சிந்திக்கத்தக்கது. உறையுள் மழையையும் வெயிலையும் தடுக்கும். அபயம் என்னும் சொல்லுக்கோ பயமின்மை என்பதே நேர்ப்பொருள். கூரையின் கீழ் இருந்துகொண்டே ஒருவர் ஆண்டுக்கணக்கில் அஞ்சி வாழ்தல் கூடும். அவ்வாறு வாழ்வோர் நம் நடுவிலேயே இருக்கின்றனர்.

தமிழகம் அளித்தது

1983 ஜூலையில் இலங்கையில் தமிழர் மீது நிகழ்ந்த வன்கொடுமைகளை அடுத்து, படகேறி இராமேசுவரக் கரைக்கு மக்கள் வரத் தொடங்கினர். போர் தணிந்தபோது சிலர் திரும்பினர். மூண்டபோது மீண்டும் வந்தனர். 2009 மே மாதத்தில் போர் முடிந்த பின்னும் சில காலம் வரவு நிற்கவில்லை. மொத்தத்தில் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தமிழகத்தில் அடைக்கலம் புகுந்தனர். அவர்களுள் பலர் முதலில் தங்கிய இடம் மண்டபம் முகாம். ஆங்கிலேயர் ஆட்சியில், இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற நம் நாட்டுத் தொழிலாளரை நோய்த்தடுப்பின் பொருட்டு நிறுத்தி வைத்த அதே இடம் அது. முகாம்களுக்கு வந்தோருள் மலையகத் தமிழரும் பலர். பாட்டனார் கூலியாக ஏறிச் சென்ற துறையிலேயே பேரன் அகதியாக வந்து இறங்கினான்.

தமிழகம் அவர்களைக் கைவிடவில்லை என்பதை நன்றியோடு குறிப்பிடல் வேண்டும். பணக்கொடை, அரிசி, அரசு மருத்துவமனை, அரசுப் பள்ளி ஆகியவை அவர்களுக்கும் கிடைத்தன. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு 317 கோடி ரூபாய் அளவில் திட்டம் ஒன்றை அறிவித்தது. பழுதடைந்த குடியிருப்புகளுக்கு மாற்றாக 7,469 வீடுகள் கட்டவும், குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாயும், ஏனைய பெரியோர்க்கு 1,000 ரூபாயும், சிறுவர்க்கு 500 ரூபாயும் வழங்கவும் அதில் வகை செய்யப்பட்டது. அகதிகள் முகாம் என்னும் பெயரும் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றப்பட்டது. அப்போது முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேரும், காவல் நிலையத்தில் பதிவு செய்துகொண்டு வெளியில் ஏறத்தாழ 34,000 பேரும் வாழ்ந்து வந்தனர்.

அகதிகள் தம்முள் ஒருவர்க்கொருவர் செய்துகொண்ட உதவியும் சிறிதன்று. தந்தை செல்வா என்று போற்றப்பட்ட செல்வநாயகத்தின் மகன் சந்திரகாசன் 1984இல் சென்னையில் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், பிள்ளைகளின் படிப்பையே தன் முதற்பணிகளுள் ஒன்றாகக் கொண்டது. ஆகாரம், ஔஷதம், சாத்திரம், உறையுள் ஆகிய நான்கும் குறைவு நிறைவோடு கிடைத்தன என்றே கூறலாம்.

எஞ்சி நின்ற அச்சம்

ஐந்தாவதாகிய அபயம் கிடைத்ததா? 1991 மே 21 அன்று தாம்பரத்திற்கு அண்மையில் உள்ள ஸ்ரீபெரும்புதூரில் இராஜீவ் காந்தி கொலையுண்டார். அக்கொடுஞ்செயல் செய்தோரைத் தண்டிப்பது அரசின் கடமை, அதில் ஐயமில்லை. ஆனால் அந்நாள் முதல் ஐயத்தின் நிழல், குற்றமறியாத குடும்பங்கள் அனைத்தின் மீதும் விழுந்தது. முகாம்களில் கண்காணிப்பு இறுகியது. பிள்ளைகளின் கல்விச் சேர்க்கை தடைப்பட்டது. வீட்டு உரிமையாளர்கள் கதவைச் சாத்தினர். கல்வி பின்னர்த் திரும்பக் கிடைத்தது. ஆயினும், கொடுத்தது எந்த நாளிலும் எடுத்துக்கொள்ளப்படலாம் என்னும் பாடத்தை அக்குடும்பங்கள் மறக்கவில்லை.

ஆசிரியப் பணியில் இருந்தோர் அறிந்த ஒன்றைக் கூறுவோம். பள்ளி மாற்றுச் சான்றிதழில் தேசிய இனம் என்றொரு கட்டம் உண்டு. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனையில் பிறந்து, தமிழ்நாட்டுப் பாடநூலைப் படித்து, கடலைக் கடந்தே அறியாத பிள்ளைக்கும் அக்கட்டத்தில் 'இலங்கையர்' என்றே எழுத நேர்ந்தது. சொந்த ஊர் எது என்று கேட்டால், தான் கண்டிராத ஓர் ஊரின் பெயரை அப்பிள்ளை சொல்லும். 1987 ஜூலை 1க்குப் பின் இங்குப் பிறந்தோர்க்கு, பெற்றோருள் ஒருவரேனும் இந்தியக் குடியுரிமை உடையவராயிருந்தாலன்றிப் பிறப்பினால் குடியுரிமை இல்லை. அதற்கு முன் முகாமில் பிறந்த பெண்மணி ஒருவர், உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையை அணுகிக் கடவுச்சீட்டு பெற்று, 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். அவருக்குப் பின் பிறந்த பல்லாயிரவர்க்கு அவ்வழி இல்லை. 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டமும் இலங்கையை உள்ளடக்கவில்லை. 2025 செப்டம்பரில் நடுவண் அரசு, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர், கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமைக்காகத் தண்டிக்கப்படார் என ஆணையிட்டது. அது வரவேற்கத்தக்கது, அச்சத்தின் ஒரு கூறு அதனால் நீங்கியது. குடியுரிமை என்னும் கூறு எஞ்சியே நிற்கிறது.

இவ்வச்சத்தின் தன்மையை நம் பகுதியினர் ஓரளவு உணர்ந்துகொள்ள வழியுண்டு. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் சூழ்ந்தபோது, படகில் ஏறி வெளியேறி, பள்ளிக்கூடங்களிலும் திருமண மண்டபங்களிலும் தங்கியவர் பலர். உடுத்த துணியோடு வந்தனர். பிறர் தந்த உணவுப் பொட்டலத்திற்குக் கைநீட்டினர். ஆயினும் அவர்கள் நெஞ்சில் ஓர் உறுதி இருந்தது. நீர் வடியும், வீடு சேறாகிக் கிடந்தாலும் நம்முடையதாகவே கிடக்கும், குடும்ப அட்டை நனைந்தாலும் வேறு அட்டை கிடைக்கும். அந்த உறுதியை நீக்கிவிட்டு, அதே மண்டபத்தில் முப்பது நாற்பது ஆண்டுகள் தங்குவதாக எண்ணிப் பார்த்தால், அகதி வாழ்வு சிறிது விளங்கும்.

எண்ணிப் பார்க்க நெடுந்தொலைவு போக வேண்டுவதும் இல்லை. தாம்பரத்திலிருந்து வண்டலூர் வழியே கிழக்கே சென்றால் கேளம்பாக்கம். மியான்மரில் வன்முறைக்கு அஞ்சி ஓடிவந்த ரோகிங்கியா குடும்பங்கள் சில, அங்குப் புயல் பாதுகாப்புக் கட்டடம் ஒன்றில் தங்க வைக்கப்பட்டன. புயல் அடிக்கும் ஓரிரவு ஒதுங்குவதற்காகக் கட்டப்பட்ட இடத்தில் அவர்கள் பல ஆண்டுகள் குடித்தனம் நடத்தினர். அவர்தம் மொழி வேறு, சமயம் வேறு. இனப்பற்றினால் ஈழத்தவர்க்கு இரங்கிய நம் நெஞ்சம் இவர்க்கும் இரங்குமாயின், அதுவே தயாதத்தி எனத்தக்கது. ஜினசேனர் கூறியது உயிர்களுக்கு என்றேயாம், உறவினர்க்கு என்றன்று.

சத்திரமும் குகையும்

இங்கு ஒரு தடை எழும். 2025 மே மாதத்தில், இலங்கைத் தமிழர் ஒருவரின் மனுவை விசாரித்த உச்ச நீதிமன்ற அமர்வு, எல்லா நாட்டாரையும் ஏற்க இந்நாடு என்ன தரும சத்திரமா என்னும் கருத்துப்படக் கேட்டது. அக்கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஐக்கிய நாடுகள் அகதிகள் அமைப்பின் கணக்குப்படி, 2024 முடிவில் உலகில் 12 கோடிக்கும் மேற்பட்டோர் வீடிழந்து பெயர்ந்திருந்தனர். நம் நாடு மக்கள் தொகை மிக்கது, வறியோரும் மிக்கது. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையொப்பமிடவும் இல்லை. தன் குடிகளைக் காப்பது அரசின் முதற்கடன். யாரை ஏற்பது, எத்துணைப் பேரை ஏற்பது என்று வரையறுக்கும் உரிமை கொடுப்போனுக்கு உண்டு.

ஆனால் ஏற்றுக்கொண்ட பின் உள்ள நிலை வேறு. இதற்கு இரத்தினகரண்டகத்தின் உரை கூறும் கதை ஒன்று துணை செய்யும். உறையுள் அளித்தலுக்கு எடுத்துக்காட்டாக அந்நூல் காட்டுவது அரசனையோ வணிகனையோ அன்று. ஒரு காட்டுப் பன்றியை. குயவன் ஒருவனும் நாவிதன் ஒருவனும் சேர்ந்து வழிப்போக்கர்க்கு ஒரு சத்திரம் கட்டினர். குயவன் அதில் ஒரு முனிவரைத் தங்க வைத்தான். நாவிதன் அவரை வெளியேற்றிவிட்டுத் தனக்கு வேண்டிய வேறொருவரைத் தங்க வைத்தான். அதனால் மூண்ட சண்டையில் இருவரும் மாண்டு, ஒருவன் பன்றியாகவும் மற்றவன் புலியாகவும் பிறந்தனர். ஒரு குகையில் முனிவர்கள் தங்கியிருக்க, அவர்களைத் தின்ன வந்தது புலி. காக்கும் எண்ணத்தோடு குகை வாயிலில் நின்று எதிர்த்தது பன்றி. இரண்டும் போரிட்டு மடிந்தன. பன்றி சுவர்க்கம் புகுந்தது. புலி நரகம் சேர்ந்தது.

அப்பன்றிக்கு வீடு இல்லை, குகையும் அதனுடையதன்று. கூரை முன்பே இருந்தது. குறையாயிருந்தது அச்சமின்மை ஒன்றே. வாயிலில் நின்று பன்றி அதைக் கொடுத்தது. சத்திரத்தில் முனிவருக்கு இடம் கிடைத்தது, அபயம் கிடைக்கவில்லை. ஒருவன் கொடுத்ததை மற்றவன் பறித்தான். உள்ளே வரவிட்டு, உண்ணக் கொடுத்து, நாற்பது ஆண்டுகளாகியும் 'என்று வெளியேற்றப்படுவோமோ' என்று எண்ண விடுவது சத்திரத்து அறமேயாகும். அச்சுறுத்துதலும் ஓர் இம்சை என்று உணரும் நாம், அச்சத்தில் இருத்தி வைப்பதையும் அவ்வாறே எண்ணல் வேண்டும்.

நம் வாயிலில்

குடியுரிமை வழங்குவது அரசின் கையில் உள்ளது. எனினும் அச்சத்தின் ஒரு பங்கு அரசினால் வருவதன்று. அண்டை அயலாரால் வருவது. அப்பங்கை நீக்க இல்லறத்தாராகிய நம்மால் இயலும். தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டைப் பகுதிகளில் வீடு வாடகைக்கு விடுவோர் நம்மவருள் உண்டு. பதிவுச் சான்று உடைய குடும்பத்தை, இலங்கைக்காரர் என்பதற்காகவே திருப்பி அனுப்பாதிருக்கலாம். பிறப்புச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், கல்லூரி விண்ணப்பம் ஆகியவற்றை நிரப்பத் தெரியாது திகைப்போர்க்கு, ஓய்வு பெற்ற ஆசிரியரும் அலுவலரும் ஒரு மணி நேரம் உடன் அமரலாம். நம் பிள்ளைகள் வகுப்புத் தோழனை 'அகதிப் பையன்' என்று அழையாமல் பெயர் சொல்லி அழைக்கப் பழக்கலாம். இவற்றுக்குப் பொருட்செலவு சிறிதும் இல்லை.

பண்டிகை நாளில் முகாமுக்கு அரிசியும் துணியும் அனுப்பும் நற்பழக்கம் நம்மிடையே உண்டு, அது தொடர்க. அவற்றைப் பெற்றுக்கொள்ளும் குடும்பம் மறுநாள் நம் தெருவில் வீடு தேடி வருமாயின், அன்று நாம் சொல்லும் விடையே அபயதானத்தை நாம் எவ்வாறு கற்றோம் என்பதைக் காட்டும்.