யாருடைய விடியற்காலை?

கேமரா வைத்திருக்கும் நம்ம வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் ஒரு தடவையாவது கேட்டிருக்கும் கேள்வி இது: "படம் எடுத்து என்னப்பா கிடைக்கப் போகுது?" கல்யாண வீட்டில் படம் எடுப்பவரிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை. அவருக்குச் சனி, ஞாயிறு இரண்டுமே போய்விடும். வீட்டில் ஆளைப் பார்க்கவே முடியாது. இருந்தாலும் 'பிழைக்கத் தெரிந்த பையன்' என்று பெயர். அதே கேமராவைத் தூக்கிக்கொண்டு செக்கிஞ்சான் நெல் வயலுக்குப் போனால் 'வேலை வெட்டி இல்லாதவன்'. காசு வந்தால் கடமை, வராவிட்டால் வீண். இந்தக் கணக்கு எனக்குச் சரியாகப் படவில்லை.

அதற்காக எதிர்க்கட்சியிலும் என்னால் சேர முடியாது. "மனசுக்குப் பிடிச்சதைச் செய், மத்ததெல்லாம் தானா நடக்கும்" என்கிறார்கள். தானாக எதுவும் நடப்பதில்லை. யாரோ ஒருவர் செய்வதால்தான் நடக்கிறது.

இயற்கைக் காட்சியைப் படம் எடுப்பதில் உள்ள சிக்கலே நேரம்தான். நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். இங்கே சூரியன் சரிந்து ஏறாமல் ஏறக்குறைய நேராக மேலே போகிறது, நான்கு நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம். அந்த மஞ்சள் வெளிச்சம், நீண்ட நிழல், தண்ணீர் மேல் நிற்கும் பனி எல்லாம் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் இதில் ஒரு வசதியும் இருக்கிறது. லண்டனில் கோடையில் 5 மணிக்கு முன்பே விடிந்துவிடும், குளிர்காலத்தில் 8 மணி ஆகும். கோலாலம்பூரில் வருஷம் முழுக்க ஏழு மணியை ஒட்டியே விடிகிறது, வித்தியாசம் அரை மணி நேரம்தான். 1982 ஜனவரி 1-ஆம் தேதி சபா, சரவாக் நேரத்தோடு சேர்வதற்காகத் தீபகற்பத்தில் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளினார்கள். அதனால்தான் இவ்வளவு தாமதமாக விடிகிறது. எட்டு மணிக்கு லேப் இருக்கிற பொறியியல் மாணவன்கூட விடியலைப் பார்த்துவிட்டுப் போகலாம்.

ஆக, நேரம் இருக்கிறது. அது யாருடைய நேரம் என்பதுதான் என் கேள்வி.

அந்த அரை மணி நேரத்தில் எங்கள் வீட்டில் என்ன நடக்கிறது? அம்மா சமையலை முடித்துவிட்டு, இருட்டிலேயே கிளம்பும் தம்பியைப் பள்ளிக்கு அனுப்பியிருப்பார். அப்பா இரவு ஷிப்ட் முடிந்து வருவார், அவருக்குப் பசியாற ஏதாவது வேண்டும். சாயங்கால வெளிச்சமும் அப்படித்தான். ஏழேகால் வாக்கில் சூரியன் இறங்கும்போது, வெள்ளிக்கிழமையாக இருந்தால் பாட்டியைக் கோயிலுக்குக் கூட்டிப் போக ஆள் வேண்டும். நல்ல வெளிச்சம் வரும் நேரமும் வீட்டில் வேலை குவியும் நேரமும் ஒன்றாகவே இருக்கின்றன.

ஆகவே நான் ஒரு கேள்வியை வைத்துக்கொண்டிருக்கிறேன். நான் கேமராவோடு நிற்கும் நேரத்தில் என் பங்கு வேலையை யார் செய்கிறார்கள்? யாரும் இல்லை, கைப்பேசியைத் தடவிக்கொண்டு படுத்திருக்க வேண்டிய நேரம்தான் என்றால், எந்த மாமா என்ன சொன்னாலும் எனக்குக் கூச்சம் கிடையாது. அம்மாதான் செய்கிறார் என்றால் அது கடன். கடன் வாங்குவது பாவம் இல்லை. நம்மில் பாதிப் பேர் பி.டி.பி.டி.என். கடனில்தான் படிக்கிறோம். ஆனால் கடன் என்று தெரிந்து வாங்க வேண்டும், திருப்பிக் கொடுக்க வேண்டும். சனிக்கிழமை விடியல் எனக்கு. அன்றைக்கு மார்க்கெட்டுக்குப் போவது, மீன் கழுவுவது, மதியச் சமையல் எல்லாமும் எனக்கு. "சும்மா வெளியே போறேன்" என்று சொல்வதில்லை. எத்தனை மணிக்கு வருவேன் என்று சொல்லிவிட்டுத்தான் மோட்டாரை எடுப்பேன்.

"இப்படிக் கணக்குப் பார்த்தா நல்ல படமே கிடைக்காதுடா" என்கிறான் ஒரு நண்பன். பெரிய கலைஞர்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போனவர்கள் என்பது அவன் எண்ணம். ஆன்சல் ஆடம்ஸின் மிகப் புகழ்பெற்ற படம், நியூ மெக்சிகோவில் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரின் மேல் நிலா எழும் காட்சி. 1941-இல் அமெரிக்க அரசாங்க வேலையாகப் போய்விட்டுக் காரில் திரும்பும் வழியில் எடுத்தது. கூடவே மகனும் இருந்தான். வெளிச்சம் அளக்கும் கருவி அவசரத்தில் கைக்குக் கிடைக்கவில்லை. நிலாவின் பிரகாசம் எவ்வளவு என்பது தெரிந்திருந்ததால் மனக்கணக்குப் போட்டு எடுத்தார். இரண்டாவது படம் எடுப்பதற்குள் வெயில் போய்விட்டது. வேலையும் பிள்ளையும் பக்கத்தில் இருக்கும்போதே அந்தப் படம் கிடைத்தது.

எனக்குச் செக்கிஞ்சான் வருஷத்துக்கு இரண்டு தடவை போதும், கதிர் மஞ்சளாகும் நேரத்தில். மற்ற நாளெல்லாம் எங்கள் தாமான் பின்னால் இருக்கும் மழைநீர்க் குளம்தான். மோட்டாரில் ஐந்து நிமிடம். இரவு மழை பெய்திருந்தால் பனி இருக்கும், கொக்கு வரும். அழகில் கேமரன் மலையோடு போட்டி போடாது. ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போனதில், எந்த மாதம் சூரியன் எந்தப் புளோக்குக்குப் பின்னால் எழும்பும் என்று எனக்கு இப்போது தெரியும்.

ஒன்று மட்டும் இந்தக் கணக்கில் அடங்கவில்லை. மீனைக் கழுவி என் கடனை அடைத்துவிடலாம். ஆனால் அம்மாவுக்கென்று ஒரு விடியல் இதுவரை இருந்ததே இல்லை. எங்கள் அடுப்படி ஜன்னல் பின்சந்துச் சுவரைப் பார்த்தபடி இருக்கிறது. போன பள்ளி விடுமுறையில் ஒரு நாள் குளத்துக்குக் கூட்டிப் போனேன். கரையில் முளைத்திருந்த கங்கோங் கீரையைத்தான் முதலில் பார்த்தார், பறிக்கலாமா என்று கேட்டார். அப்புறம் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். வருகிற சனிக்கிழமையும் வருகிறேன் என்கிறார். தம்பியும் வர வேண்டுமாம். அப்படியென்றால் அப்பாவுக்கு அன்றைக்குப் பசியாற யார் செய்வது என்று வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறோம். ரொட்டி சானாய் வாங்கிக்கொள்கிறேன் என்று அப்பாவே சொல்லிவிட்டார்.