வளையாத கழுத்தும் வணங்கும் உள்ளமும்

 

முடக்குவாதம் என்றும் சரவாங்கி என்றும் சொல்லப்படும் நோயை நம் தஞ்சைத் தரணியில் அறியாதார் இலர். ஆண்களைவிடப் பெண்களையே இது அதிகம் பற்றுகிறது. விரல் மூட்டுகளில் தொடங்கி, ஆண்டுகள் செல்லச் செல்லச் சிலருக்குக் கழுத்திலும் இறங்குகிறது. சுபுஹு வேளையில்தான் விறைப்பு மிகுதி. உளூச் செய்யக் குழாயைத் திருகுவதே பெரும்பாடு. ஸுஜூதில் நெற்றியை வைத்தால் பிடரியிலிருந்து உச்சிவரை வலி ஏறுகிறது. அப்படியிருந்தும், தொழுகை குறைபட்டுவிடுமோ என்று அஞ்சிப் பல்லைக் கடித்துக்கொண்டு குனிகிறார்கள். வீட்டிலிருப்போரோ, "நேற்று அடுப்படியில் நின்றாளே, இன்று தொழுகைக்கு மட்டும் நாற்காலியா?" என்று குத்திக் காட்டுகிறார்கள்.

இந்நோயின் இயல்பே அதுதான்: ஒரு நாள் தணியும், மறுநாள் சீறும். நேற்று நின்றது பொய்யுமல்ல. இன்று நிற்க முடியாதது நடிப்புமல்ல.

கழுத்தில் இது ஏன் ஆபத்து என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உட்சவ்வைத் தாக்குவதுதான் இந்நோய். கழுத்தின் உச்சியிலுள்ள முதலிரண்டு எலும்புகளைப் பிணைத்திருக்கும் நார் இதனால் தளரக்கூடும். அப்போது எலும்பு நழுவித் தண்டுவடத்தை அழுத்தலாம். ஆகவே, கழுத்து வலியுள்ள முடக்குவாதக்காரர் மருத்துவரிடம் கேட்காமல் தலையை அழுத்திக் குனிவது பொறுமையாகாது.

நம் மார்க்கம் இதைக் கேட்கவுமில்லை. எந்த ஆத்மாவையும் அதன் சக்திக்கு மேல் அல்லாஹ் சிரமப்படுத்துவதில்லை என்பது அல்பகரா அத்தியாயம் தரும் உறுதி. மூல நோயால் வருந்திய இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நின்று தொழ இயலாவிடில் உட்கார்ந்தும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்தும் தொழுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். இது புகாரீயில் பதிவான செய்தி.

இன்னொரு நிகழ்ச்சி நெஞ்சை உலுக்கும். பயணத்தில் ஒரு தோழருக்குத் தலையில் காயம். குளிப்புக் கடமையானபோது, தயம்மும் செய்யலாமா என்று உடனிருந்தோரைக் கேட்டார். தண்ணீர் இருக்க அனுமதியில்லை என்றார்கள். குளித்தார், இறந்துபோனார். செய்தியறிந்த அண்ணலார் (ஸல்) அவர்கள், சலுகையை மறுத்தவர்களை மிகக் கடுமையாகக் கண்டித்தார்கள் என அபூதாவூதில் காண்கிறோம். நோயாளியைக் குத்திக் காட்டும் நாவுகள் இதைச் சிந்திக்கட்டும்!

எனவே, குனியக்கூடாத கழுத்துடையோர் இஷாராவாகத் தொழலாம். ருகூஉவுக்குச் சற்றும், ஸுஜூதுக்கு அதைவிடச் சற்றுக் கூடுதலாகவும் சாய வேண்டும். கழுத்தை மடக்காமல் இடுப்பிலிருந்து முன்சாய்வது நலம். ஸலாம் கொடுக்கையில் முகத்தைத் திருப்புவது ஸுன்னத்து. இயன்ற அளவு போதும். ஸுஜூது செய்ய முடியாமல் நிற்க மட்டும் முடிந்தவர் விஷயத்தில் மத்ஹபுகள் வேறுபடுகின்றன. ஹனஃபீயில் அவர் உட்கார்ந்து இஷாரா செய்யலாம். ஷாஃபிஈயில் நிற்க வேண்டிய இடத்தில் நிற்க வேண்டும். உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். குர்ஆன் ஓதும்போது ரெஹாலை மேசைமேல் உயர்த்தி வைத்தால் தலை கவிழாது.

துஆவோடு மருந்தும் வேண்டும். ஒவ்வொரு நோய்க்கும் அல்லாஹ் நிவாரணம் வைத்துள்ளான் என்பது நபிமொழியின் கருத்து. இந்நோய்க்கு இன்று முதன்மையாகத் தரப்படும் மெதோட்ரெக்ஸேட் மருந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் அமெரிக்காவில் 1940களில் நடத்திய ஆய்வுகளின் வழியே பிறந்தது. முதலில் அது புற்றுநோய்க்கான மருந்து. வாரம் ஒரு நாள் மட்டுமே உண்ண வேண்டியது. தினமும் உண்டால் உயிருக்கே கேடு. கருவுற்றோர் உண்ணலாகாது. ரமழானிலும் தாமாக மருந்தை நிறுத்தாமல், மருத்துவரிடம் நேரத்தை மாற்றிக் கேளுங்கள்.

கழுத்தில் சுளுக்கெடுப்பதும், முடிதிருத்தும் கடையில் நெட்டி முறிப்பதும் கூடவே கூடாது. தலையில் குடமோ நெல் மூட்டையோ சுமக்கலாகாது. கை கால் மரத்தல், நடை தள்ளாடுதல், கழுத்தை வளைத்ததும் மின்சாரம் பாய்ந்தாற்போலிருத்தல், சிறுநீர் அடக்க முடியாமை இவற்றில் ஒன்று கண்டாலும் தாமதியாமல் தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்குச் செல்லுங்கள். எந்த அறுவைச் சிகிச்சையானாலும், மயக்க மருந்து கொடுப்பவரிடம் இந்நோயை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். குழாய் செலுத்தத் தலையைச் சாய்ப்பார்கள்.

வீட்டாரே! உளூவுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுங்கள். நாற்காலியை நீங்களே எடுத்துப் போடுங்கள். நோயுற்றவருக்கு, அவர் சுகமாயிருக்கையில் செய்துவந்த அமல்களின் நன்மை அப்படியே எழுதப்படுகிறது என்பது நபிகளார் தந்த நற்செய்தி. அல்லாஹ் முழுமையாக எழுதுவதை நாம் குறையென்று சொல்லலாமா?

வல்ல ரஹ்மான் நோயுற்றோர் அனைவருக்கும் ஷிஃபாவையும், உடனிருப்போருக்கு இரக்கத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.