யார் இழந்தால் களவு?

எவருடைய பொருளைக் கவர்ந்தாலும் களவு களவே. இதனையே நாம் மாணவர்க்குக் கற்பிக்கின்றோம். சட்டத்தின் முன் யாவரும் சமன் என்று இலங்கை அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரையும் கூறுகின்றது. எனினும், இழந்தவர் யார் என்பதற்கேற்பக் களவின் கனம் மாறுவதேன்?

திருநெல்வேலியின் செம்மண் தோட்டமொன்றை எடுத்துக்கொள்வோம். ஆறில்லாத குடாநாட்டிலே கிணறே பயிருக்கு உயிர். நீரிறைக்கும் இயந்திரம் களவுபோனால் வெங்காயப் பயிர் வாடிவிடும். தோட்டக்காரர் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அன்றே ஒரு கம்பனியின் முகாமையாளரும் முறைப்பாட்டுடன் வருகிறார். அவர் கையில் பொருட்பதிவேடும் கமராப் பதிவும் சட்டத்தரணியின் கடிதமும் உள்ளன. நாளையும் அவர் தொலைபேசியில் விசாரிப்பார். தோட்டக்காரரோ மறுபடியும் வந்தால் ஒரு நாள் உழைப்பை இழப்பார். பொலிஸார் எவரிடமும் கையூட்டுப் பெறவில்லை என்றே கொண்டாலும், எந்தக் கோப்பு முதலில் நகரும் என்று சொல்லவும் வேண்டுமா?

இந்த வேறுபாடு பொலிஸ் நிலையத்தில் மட்டுமன்றிச் சட்டத்திலும் உண்டு. தண்டனைச் சட்டக்கோவையின்படி சாதாரண களவுக்கு உச்சத் தண்டனை 3 ஆண்டுச் சிறை. 1982ஆம் ஆண்டின் பொதுச் சொத்துச் சட்டமோ, அரசினதும் கூட்டுத்தாபனத்தினதும் வங்கியினதும் பொருளைத் திருடியவருக்கு 20 ஆண்டுவரை சிறை விதிக்க இடமளிக்கின்றது. பிணையும் எளிதிற் கிட்டாது. பொதுச் சொத்து எல்லோர்க்கும் உரியது, அதற்குக் கூடிய காவல் வேண்டும் என்பர். மக்கள் பணத்தைச் சூறையாடும் அதிகாரியைப் பொறுத்தவரை அது நியாயமே. ஆனால் வங்கி தன் இழப்பைத் தாங்கும்; தோட்டக்காரரின் குடும்பம் தாங்காது. இந்த உண்மைக்குச் சட்டத்தில் எடையில்லை.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நோயன்று. காட்டில் உதிர்ந்த சுள்ளியைப் பொறுக்குவதையும் களவாக்கும் சட்டத்தை ஜெர்மனியின் ரைன் மாகாணச் சபை விவாதித்தது. காட்டின் உடைமையாளருக்கு ஊழியம் செய்யும் காவலாளியே களவின் பெறுமதியையும் மதிப்பிடுவார் என்றிருந்தது. 1842இல் இளம் பத்திரிகையாளராயிருந்த கார்ல் மார்க்ஸ் இதனைக் கண்டித்தெழுதினார். இவ்வாறாயின் அரசு உடைமையாளரின் ஏவலாளாகிவிடும் என்பது அவர் வாதம்.

முறைப்பாட்டாளராகக் காத்திருக்கும் ஏழை, சந்தேகநபரானால் என்ன நேரும்? 2011 நவம்பரில் களவுச் சந்தேகத்தின்பேரில் சுன்னாகம் பொலிஸார் பிடித்த இளைஞர் ஒருவர் சித்திரவதைக்குள்ளாகி இறந்தார். அவருடைய உடல் இரணைமடுக் குளத்திற் கிடந்தது. குற்றவாளிகளான பொலிஸாருக்கு 2017இலேதான் யாழ்ப்பாண மேல் நீதிமன்றம் 10 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

ஆட்பலம் போதாது, முறைவைத்தே விசாரிக்க முடியும் என்பதை நாம் மறுக்கவில்லை. அந்த முறையை எதைக்கொண்டு வகுப்பது என்பதே நம் வினா. இழந்த பொருளின் விலையைக் கேட்பவர், அதனை இழந்தவர் நாளை எவ்வாறு பிழைப்பார் என்பதையும் கேட்க வேண்டும்.

பாதிக்கப்பட்டோருக்கு உதவும் சட்டம் 2015இல் வந்தது. 2023இல் அதற்குப் பதிலாகப் புதிய சட்டமும் வந்தது. ஆயினும் தனித்து நிற்பவரின் உரிமை ஏட்டிலேயே உறங்கிவிடும். கம்பனி என்பது பலர் கூடி அமைத்த ஓர் ஆள். அது ஒருபோதும் தனித்து வருவதில்லை. தோட்டக்காரரோடு கமக்காரர் சங்கமும், எழுத்தறிந்த ஆசிரியரும் மாணவரும் உடன்செல்லும் நாளில், அவருடைய கோப்பும் மேசையின் அடியிற் கிடக்காது.