பொத்தான் கண்ணுள்ள தாய்



"கார்ட்டூன்தானே பாஸ்டர், பிள்ளை பார்த்துட்டுப் போகட்டுமே" என்று சொல்லுகிற தாய்மார் உண்டு. கார்ட்டூன் என்றாலே பூனை எலியைத் துரத்துகிற விளையாட்டு என்று எண்ணிவிடுகிறோம். எட்கர் ஆலன் போ எழுதிய 'தி டெல்-டேல் ஹார்ட்' என்ற கதையை 1953-ல் அமெரிக்காவில் ஒரு சிறு கார்ட்டூன் படமாக எடுத்தார்கள். ஒருவன் ஒரு கிழவரைக் கொன்று, பலகைத் தரைக்கு அடியிலே மறைத்துவிடுகிறான். அந்த இருதயம் துடிக்கிற சத்தம் அவன் காதிலே ஓயவில்லை. அவ்வளவுதான் கதை. பேயும் இல்லை, பூதமும் இல்லை. அப்படியிருந்தும் இங்கிலாந்திலே அதற்குப் பெரியவர்கள் மாத்திரம் பார்க்கத்தக்க 'எக்ஸ்' சான்றிதழ் கொடுத்தார்கள். மண்ணுக்குள் மறைத்தது சும்மா இருக்குமா? ஆபேலின் இரத்தம் சும்மா இருந்ததா?

குற்றமுள்ள மனதின் பயம் அது. ஆனால் குற்றமே செய்யாத ஒரு பிள்ளையைத் தேடி வருகிற பயமும் ஒன்று உண்டு. அதைத்தான் 2009-ல் வெளியான 'கோரலைன்' என்ற படத்தில் காண்கிறோம். நீல் கெய்மன் எழுதிய கதையை ஹென்றி செலிக் பொம்மைகளை வைத்து எடுத்தார். ஒரு விநாடி ஓடுகிற படத்துக்கு 24 பிரேம்கள். பொம்மையைக் கையால் அணு அணுவாய் நகர்த்தி ஒவ்வொரு பிரேமாகப் படம்பிடித்திருக்கிறார்கள். என்ன பொறுமை பாருங்கள்!

கோரலைன் ஒரு சிறுமி. புதிதாய்க் குடிவந்த வீடு. அப்பாவும் அம்மாவும் நல்லவர்கள்தான், ஆனால் எந்நேரமும் கம்ப்யூட்டர் முன்னால் வேலை. "போம்மா, அப்புறம் பேசலாம்." இந்த வார்த்தை நம்ம வீட்டிலே கேட்டதில்லையா? அந்த வீட்டுச் சுவரிலே ஒரு சின்னக் கதவு. பகலிலே திறந்தால் வெறும் செங்கல். இராத்திரியிலே திறந்தால் ஒரு பாதை, அதன் மறுபக்கத்தில் அதே வீடு, அதே அம்மா. இந்த அம்மா ருசியாய்ச் சமைக்கிறாள், அன்பாய்ப் பேசுகிறாள். ஒரே ஒரு வித்தியாசம்: கண் இருக்கிற இடத்திலே கறுப்புப் பொத்தான்!

பல்லைக் காட்டுகிற பேயைக் கண்டால் பிள்ளை ஓடிவந்து நம்மைக் கட்டிக்கொள்ளும். சோறு பரிமாறுகிற அம்மாவைக் கண்டால் எங்கே ஓடும்? கண்ணைப் பார்த்துத்தானே அம்மா கோபமாயிருக்கிறாளா, விளையாடுகிறாளா என்று பிள்ளை தெரிந்துகொள்ளுகிறது. பொத்தானிலே ஒன்றும் தெரியாது. படம் பார்க்கிறவர்களுக்கு வயிற்றைப் பிசைவது அங்கேதான். இன்னொன்றும் உண்டு. ஆரம்பத்திலேயே ஊசி போன்ற விரல்கள் ஒரு பழைய துணிப்பொம்மையைப் பிரித்து, கோரலைனைப் போலவே தைக்கிறதை நமக்குக் காட்டிவிடுகிறார்கள். அவளுக்கு அது தெரியாது. அந்தப் பொம்மையை அவள் வீடெல்லாம் தூக்கிக்கொண்டு திரிகிறாள். அதுதான் வேவு பார்க்கிறது. இந்தப் பிள்ளைக்கு வீட்டிலே எது குறைவு என்று பார்த்து, அதையே அவள் முன்னால் வைக்கிறார்கள்.

சத்துரு இப்படித்தான் வருகிறான், பிரியமானவர்களே! ஏதேனிலே கர்ச்சித்துக்கொண்டா வந்தான்? பேச்சுக் கொடுத்துக்கொண்டு வந்தான். ஈசாக்கை நினைத்துப் பாருங்கள். கண் மங்கியிருந்தது, ருசியான பதார்த்தம் முன்னால் இருந்தது. குரல் வேறே என்று தெரிந்தும் கையைத் தடவிப் பார்த்து ஏமாந்தார்.

பிறகு விலை பேசுகிறாள். என்றைக்கும் இங்கேயே இருக்கலாம், உன் கண்ணிலும் பொத்தான் தைத்துக்கொண்டால் போதும் என்று ஊசியையும் நூலையும் பெட்டியிலே வைத்து நீட்டுகிறாள். வெளியே ஓடிப்போகிற கோரலைன் நடக்க நடக்க, மரமும் செடியும் மறைந்து எல்லாம் வெறும் வெள்ளையாகிறது. அதிலேயே நடந்து மறுபடியும் அந்த வீட்டுக்கே வந்து சேருகிறாள். அந்தத் தாய் உண்டாக்கியது அவ்வளவுதான். பிள்ளையை மயக்குவதற்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு! பிசாசுக்குச் சிருஷ்டிக்க வராது. காப்பியடிக்கத்தான் வரும்.

அமெரிக்காவிலே இதற்குப் 'பிஜி' சான்றிதழ்தான், அதாவது பெற்றோர் பார்த்து முடிவு செய்ய வேண்டியது. படத்தைக் கொளுத்துங்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஆறு ஏழு வயதுப் பிள்ளையிடம் செல்போனைக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடாதீர்கள். பக்கத்திலே உட்காருங்கள். "அந்த அம்மா ஏன் இவ்வளவு நல்லவளா இருக்கா?" என்று கேளுங்கள். பிள்ளையே சொல்லும்.

கோரலைன் தப்பி வந்தும் கதை முடியவில்லை. கதவைப் பூட்டியாயிற்று, ஆனால் சாவி அவள் கழுத்திலே தொங்குகிறது. ஜெயம் கிடைத்தது என்று நாம் சாட்சி சொன்ன பிறகும் இப்படி எத்தனை சாவிகளை வைத்துக்கொண்டிருக்கிறோம்! துண்டிக்கப்பட்ட ஊசிக்கை ஒன்று அந்தச் சாவிக்காகவே இராத்திரியிலே பின்னால் வருகிறது. பழைய கிணற்றண்டையில் அது அவளைப் பிடித்து இழுக்கும்போது பக்கத்துப் பையன் சைக்கிளிலே வந்து சேருகிறான். கல்லைப் போட்டு அந்தக் கையை நொறுக்கி, சாவியோடு சேர்த்துக் கட்டி, இரண்டு பேருமாய்க் கிணற்றிலே தள்ளி மூடுகிறார்கள்.